வயதுக்கு எவ்வளவு, நோய்க்கு எவ்வளவு: அறுபதைக் கடந்த பெண்ணின் நுரையீரல்

அறுபதைக் கடந்த ஒரு பெண்ணிடம் "மூச்சு வாங்குதா?" என்று கேட்டால், பெரும்பாலும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்வதில்லை. மூச்சு வாங்க வைக்கும் வேலைகளை ஏற்கெனவே ஒவ்வொன்றாகக் கைவிட்டிருப்பார். மாடியில் துணி காயப்போடுவது மருமகளிடம் போயிருக்கும். நடந்தே போய்வந்த சந்தைக்கு இப்போது ஷேர் ஆட்டோ. கோயிலில் பிரகாரம் சுற்றாமல் கொடிமரத்தடியிலேயே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: போன வருஷம் செய்த எந்த வேலையை இந்த வருஷம் செய்வதில்லை? நீங்களே அந்தப் பெண் என்றால் ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவுக்காகப் படிக்கும் மகளோ மகனோ என்றால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். சமதரையில் தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா? நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறதா? புடவை கட்டும்போதே மூச்சு முட்டுகிறதா? நெஞ்சக மருத்துவர்கள் மூச்சுத்திணறலின் தரத்தைக் கிட்டத்தட்ட இதே கேள்விகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேக்களோடு இந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சைத்தான் இந்த அத்தியாயம் பிரித்துப் பார்க்கப் போகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

வயது செய்யும் வேலை

பெண்ணின் நுரையீரல் இருபது வயதையொட்டி முழு வளர்ச்சி பெறுகிறது. சில ஆண்டுகள் அதே நிலையில் இருந்துவிட்டு, முப்பதுகளிலிருந்து இறங்கத் தொடங்கும். மூச்சை முழுக்க இழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்றை அளப்பது வழக்கம். புகைபிடிக்காத, நோயில்லாத ஒருவருக்கே இந்த அளவு ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி குறைகிறது. நாற்பது ஆண்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். இரண்டரை லிட்டரில் தொடங்கிய பெண் ஒன்றரை லிட்டரில் நிற்பார்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்குத் தேவைப்படுவது அரை லிட்டர் காற்றுதான். வயது எடுத்துக்கொள்வது கையிருப்பை. அன்றாடச் செலவில் அது கை வைப்பதில்லை. அதனால் வயதான, ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு மேட்டில் ஏறும்போது இளைக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இளைக்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

உள்ளே நடப்பது இதுதான். நுரையீரலின் காற்றுப்பைகளைத் தாங்கும் நார்கள், பலமுறை துவைத்த துணியின் எலாஸ்டிக் போலத் தளர்கின்றன. காற்றுப்பைகள் கொஞ்சம் அகன்றுபோகும். உள்ளே போன காற்றை முழுக்க வெளியே தள்ள முடிவதில்லை. முழுதாக ஊதிய பிறகும் உள்ளே தங்கிவிடும் காற்று, இருபது வயதில் இருந்ததைவிட எழுபதில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு அப்படியே இருந்தாலும், அதில் புழங்கும் காற்று குறைகிறது. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து, கூடு இறுகிப்போகிறது. மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசையும் இளமையில் இருந்ததில் கால் பங்கு வலுவை இழக்கிறது.

நடைமுறையில் மிகவும் முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. அதை யாரும் வீட்டாரிடம் சொல்வதில்லை. வயதாக ஆக, சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள் ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் தாமாக மூடிக்கொள்ளத் தொடங்குகின்றன. படுத்த நிலையில் இது நாற்பத்தைந்து வயதையொட்டியே ஆரம்பிக்கிறது, உட்கார்ந்த நிலையில் அறுபத்தைந்தையொட்டி. எனவே ஒரு மூதாட்டி மல்லாந்து படுத்தே கிடந்தால், நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கிச் சளி தேங்குகிறது. இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடப்பவருக்கு நிமோனியா வருவதற்கு இதுவும் ஒரு காரணம். "அசைக்காதீங்க, பாவம், தூங்கட்டும்" என்பது அன்பான வார்த்தைதான், ஆனால் அவருக்குக் கெடுதல் செய்யும். மருத்துவர் அனுமதித்த உடனேயே தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வையுங்கள். முடிந்தால் நாற்காலிக்கு மாற்றுங்கள்.

பெண்களுக்கு மட்டும் கூடுதலாக

ஒரே உயரமுள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால் பெண்ணின் நுரையீரல் சிறியது, மூச்சுக்குழாய்களும் ஒடுங்கியவை. ஆணைவிடக் குறைந்த கையிருப்போடுதான் அவர் முதுமைக்குள் வருகிறார். அதே அளவு வீக்கமோ சளியோ பெண்ணின் குழாயை அதிகம் அடைக்கும்.

மாதவிடாய் நிற்கும் காலம் இன்னொரு திருப்பம். ஐரோப்பாவில் சுமார் இருபது ஆண்டுகள் பெண்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. மாதவிடாய் நிற்கும் கட்டத்திலும் அதற்குப் பிறகும், வயதால் மட்டும் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட வேகமாக நுரையீரல் திறன் இறங்கியது. முழு மூச்சின் அளவில் ஏற்பட்ட இழப்பு, பத்து ஆண்டுகள் தினம் இருபது சிகரெட் பிடித்ததற்கு ஒப்பானது என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதைப் படித்துவிட்டு நுரையீரலுக்காக ஹார்மோன் மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம்; அதற்குப் போதிய ஆதாரம் கிடையாது. ஐம்பது வயதிலேயே நடையைத் தொடங்கிவிடுவதற்கான காரணமாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, முதுகெலும்பு. எலும்புத் தேய்மானத்தில் முதுகுத்தண்டின் எலும்புகள் சத்தமில்லாமல் நொறுங்கி அமுங்கும். பலருக்குக் கீழே விழாமலேயே இது நடந்துவிடும். முதுகுவலித் தைலம் தடவிக்கொண்டு இருந்துவிடுவார்கள். கூன் விழ விழ நெஞ்சுக்கூடு வயிற்றின் மேல் இறங்கி, நுரையீரல் விரிய இடமில்லாமல் போகிறது. இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொள்வது நல்லது. மூச்சுக்காக எலும்பைப் பார்ப்பதா என்று தோன்றலாம். கூன் விழுந்த பெண்ணுக்கு இரண்டும் ஒரே விஷயம்தான்.

அடுப்படியின் கணக்கு

இன்று எழுபது வயதில் இருக்கும் கிராமத்துப் பெண் சிறுமியாக இருந்தபோதே அடுப்பு ஊதத் தொடங்கியவர். முள்விறகு, தென்னை மட்டை, வரட்டி, ஈர நாட்களில் நிலக்கடலைத் தோல் என்று எல்லாப் புகையும் அவர் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவச எரிவாயு அடுப்புகளைக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அதற்குள் அவருடைய நாற்பது ஆண்டுச் சமையல் புகையிலேயே முடிந்துவிட்டது.

சிகரெட்டைத் தொடாத பெண்ணுக்கும் சிஓபிடி என்னும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வரும். நம் ஊரில் அதற்கு முக்கியக் காரணம் இந்தப் புகை. ஆனால் மருத்துவமனைச் சீட்டில் "புகைப்பழக்கம் இல்லை" என்று எழுதியதும் பலரும் அந்தத் திசையில் யோசிப்பதையே விட்டுவிடுகிறார்கள். தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுதுவதும் அப்படித்தான். அந்த இல்லத்தரசி முப்பது வருஷம் பீடி சுற்றியிருக்கலாம், பஞ்சாலையில் நூல் ஓட்டியிருக்கலாம், கயிற்றுத் தொழிற்சாலையில் நார்த் தூசியில் நின்றிருக்கலாம், கல் குவாரியில் ஜல்லி உடைத்திருக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லுங்கள். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேஸ் வந்துவிட்டதே என்று நிம்மதி அடைவதற்கு முன் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். குளிக்க வெந்நீர் வைப்பதும், நெல் அவிப்பதும், விசேஷத்துக்குப் பலகாரம் சுடுவதும் பல வீடுகளில் இன்னும் விறகில்தான். அந்த வேலை வீட்டில் மூத்தவரிடமே வந்து சேர்கிறது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களையும் உள்ளடக்கிய ஒரு பன்னாட்டு ஆய்வில், அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்து முழுக்க எரிவாயுவுக்கு மாற்றிய வீடுகளில், பெண்கள் சுவாசித்த புகைத்துகள் வெகுவாகக் குறைந்தது. முழுக்க மாறியதுதான் அங்கே முக்கியம். பாதி கேஸ், பாதி விறகு என்றால் புகையும் பாதிதான் குறையும்.

கொசுவர்த்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூடிய அறையில் பாட்டியின் கட்டிலுக்கடியில் சுருளை வைத்துவிட்டு, காலையில் அவர் ஏன் இருமுகிறார் என்று கேட்பதில் பொருளில்லை. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போடுவது வழக்கம் என்றால் சன்னல்களைத் திறந்துவைத்துப் போடுங்கள், அந்த நேரம் அவர் திண்ணையில் இருக்கட்டும்.

வயதின் மேல் பழி போடுவதற்கு முன்

வயதால் வரும் இறக்கம் மிக மெதுவானது. ஆறு மாதத்துக்குள் தெரியும்படி மாறியது எதுவானாலும் அதற்கு வயது காரணமல்ல. அப்போது தேட வேண்டியவை பல. அவற்றில் சில நுரையீரலிலேயே இருக்காது.

முதலில் ரத்தசோகை. ஒரு சாதாரண ஹீமோகுளோபின் சோதனையில் தெரிந்துவிடும். அடுத்து இதயம்: மாலையில் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, ஒரு தலையணை இரண்டாகிவிட்டது என்றால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள வயதான பெண்களுக்கு இதயம் சுருங்குவது சரியாக இருந்தும், விரிவது விறைத்துப்போகும் ஒரு வகைச் செயலிழப்பு அதிகம். "எக்கோ நார்மல்" என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடாமல், இதைத் தனியாகக் கேளுங்கள்.

மருந்துகளும் காரணமாகலாம். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். கண்ணில் விடும் சொட்டு நெஞ்சை என்ன செய்யும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே நெஞ்சக மருத்துவரிடம் போகும்போது சொட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வயதானவர்களுக்குக் காய்ச்சலும் ரத்தச் சளியும் இல்லாமல், எடை குறைவதும் பசி இல்லாததுமாகவே அது ஒளிந்திருக்கும். ஆஸ்துமா சின்ன வயதில்தான் வரும் என்பதும் தவறான நம்பிக்கை. அறுபதுக்கு மேல் புதிதாக வருவதும் உண்டு.

ஊதிப் பார்க்கும் சோதனை

ஸ்பைரோமெட்ரி என்னும் இந்தச் சோதனை செய்யாமல் சிஓபிடி என்று முடிவுகட்டுவதும், இன்ஹேலர் எழுதித் தருவதும் சரியல்ல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சகப் பிரிவுகளில் இந்த வசதி இருக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தாலோ, சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலமாக ஊத வேண்டிய சோதனை இது.

வயதான பெண்கள் இதில் சரியாக ஊதாமல் போவதற்கு யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு காரணம் இருக்கிறது. பலமாக ஊதினாலும் இருமினாலும் சிறுநீர் கசிந்துவிடும் என்ற அச்சம். அதனாலேயே அரைகுறையாக ஊதுகிறார்கள், சளியை அடக்குகிறார்கள், நடைப்பயிற்சிக்கும் போவதில்லை. சோதனைக்கு முன் கழிப்பறை போய்வாருங்கள், ஒரு நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள், பெண் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தொடர்ந்து சில மாதங்கள் செய்தால் கசிவு பெரும்பாலானவர்களுக்குக் குறையும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் இதைக் கற்றுக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

முடிவுத் தாள் வந்ததும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது: முதல் நொடிக் காற்றை மொத்தக் காற்றால் வகுத்து, 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று வைப்பது வழக்கம். ஆனால் எழுபதைக் கடந்த ஆரோக்கியமானவருக்கே இந்த எண் அதற்குச் சற்றுக் கீழே போகலாம். "என் வயதுக்கான கீழ்வரம்பில் பார்த்தீர்களா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. இரண்டாவது: கூன் விழுந்தவரின் இப்போதைய உயரத்தை வைத்துக் கணக்கிட்டால், குறைந்துபோன நுரையீரலும் இயல்பானதாகத் தோன்றிவிடும். இரு கைகளையும் நீட்டி விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அதையே உயரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தினசரி செய்ய வேண்டியவை

நடைதான் முதல் மருந்து. நுரையீரலின் எலாஸ்டிக்கை நடை திருப்பிக் கொடுக்காது. ஆனால் கால் தசைக்கு வலு ஏறினால் அதே வேலைக்குக் குறைந்த மூச்சு போதும். பேச முடியும், ஆனால் பாட்டுப் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஓரிரு நிமிடமாகக் கூட்டி அரை மணிக்கு வாருங்கள். மாலையில் இரண்டு நாள் விட்டு ஒரு நாள், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்து முறை. முட்டை, பயறு, மோர், மீன் என ஏதாவதொரு புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். கஞ்சியும் ஊறுகாயும் மட்டும் சாப்பிட்டுத் தசை வளராது.

மூச்சிரைக்கும் நேரத்தில் கைகொடுக்கும் முறை ஒன்று: மூக்கால் இரண்டு எண்ணும் நேரம் இழுங்கள், விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைக்கப்போவதுபோல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். குழாய்கள் சீக்கிரம் மூடாமல் இது தடுக்கும். பிராணாயாமம் பழகியவர்கள் தொடரலாம். ஆனால் வயிற்றை வேகமாக உதறும் கபாலபாதி சிறுநீர்க் கசிவும் குடலிறக்கமும் உள்ளவர்களுக்கு ஆகாது. எலும்புத் தேய்மானம் இருந்தால் முன்னால் வளையும் ஆசனங்களை விட்டுவிடுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு மூன்று பந்துக் கருவி வந்துவிட்டது. அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். படுக்கையில் கிடப்பவருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது உதவும். எழுந்து நடமாடுகிறவர் நடைக்குப் பதிலாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பலன் சொற்பம்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயத்தை விடுங்கள். மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, போக வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது. ஆனால் கருவி உங்கள் கைக்கு ஏற்றதா என்று பாருங்கள். மூட்டுவலியுள்ள விரலால் பம்பை அழுத்த முடியாது. வலுவில்லாத மூச்சால் கேப்சூல் பொடியை இழுக்க முடியாது. பம்பு என்றால் ஸ்பேசர் வைத்துப் போடுங்கள். அந்தக் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடும் பாட்டிமார்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஒருமுறை உங்கள் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

வயதாகும்போது இருமல் அனிச்சையும் மந்தமாகிறது. உணவுத் துணுக்கு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அரை மணியாவது கழித்துப் படுங்கள். இரவில் பல்செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வாயின் அழுக்குதான் நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகிறது. ஆண்டுக்கொரு முறை ஃபுளூ தடுப்பூசியும், நிமோகாக்கல் தடுப்பூசியும் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நடக்க முடியாதவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்கும். உங்கள் பகுதிச் செவிலியரிடம் பெயர் கொடுத்துவையுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஆக்சிஜன் குறைந்தாலும் கரியமிலவாயு கூடினாலும் எச்சரிக்கும் உணர்வு, முதுமையில் பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதனால் ஆபத்தில் இருக்கும்போதும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். ஓய்வில் 24-க்கு மேல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 30 என்றால் அவசரம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், நகப்பூச்சு இல்லாத விரலில், கையைச் சூடாக்கிக்கொண்டு பாருங்கள். ஓய்வில் 95-க்கு மேல் இருப்பது வழக்கம். 92-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே சிஓபிடி உள்ளவருக்கு இந்த வரம்பு வேறு; அவருக்கான எண்ணை மருத்துவரிடம் முன்பே கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிவையுங்கள்.

முதியவரின் நிமோனியா காய்ச்சலோடு வர வேண்டும் என்றில்லை. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, சாப்பாடு வேண்டாம் என்று சுருண்டு படுத்தாலோ, அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம். உதடு நீலம் பாரிப்பது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, திடீரென்று ஒரு காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வருவது, நெஞ்சுவலி, சளியில் ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.